ஒரு நாள் மட்டும் கதவடைத்த இணைய நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கூகுள், விக்கிமீடியா, ரெடிட், மொசில்லா, இன்று மெட்டா என்ற பெயரில் இருக்கும் பேஸ்புக், எக்ஸ் ஆகிவிட்ட டுவிட்டர், அப்புறம் அந்த நாட்களில் எதிர்ப்புக் கடிதங்களில் பெயர் போட்ட மற்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

2012 ஜனவரி 18 உங்களுக்கு நினைவிருக்கும். ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருண்டு கிடந்தது, ரெடிட் 12 மணி நேரம் மூடியிருந்தது, அமெரிக்காவில் கூகுளைத் திறந்தவர்களுக்கு அதன் பெயர் மேலேயே ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. இணையத்தில் நடக்கும் படம், பாட்டுத் திருட்டைத் தடுக்க என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்திருந்த சோப்பா, பிப்பா என்ற இரண்டு மசோதாக்களை நிறுத்தத்தான் அத்தனையும். நிறுத்தியும் காட்டினீர்கள். இரண்டே நாளில், ஜனவரி 20 அன்று, 24-ஆம் தேதிக்கு வைத்திருந்த வாக்கெடுப்பை செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் தள்ளிவைத்தார். கீழவையில் சோப்பாவைக் கொண்டுவந்த லாமர் ஸ்மித்தும் அதை ஓரங்கட்டினார். இரண்டு மசோதாக்களும் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கு வாழ்த்துச் சொல்ல இதை எழுதவில்லை. அன்று எதைத் தவறு என்று ஊருக்கெல்லாம் சொன்னீர்களோ, அதுவே இன்று வேறு நாடுகளில், வேறு பெயர்களில், சில இடங்களில் உங்கள் கையாலேயே நடந்துகொண்டிருக்கிறது. அன்று கேட்ட குரலில் பாதிகூட இப்போது கேட்கவில்லை. ஏன் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் அன்று சொன்னதை உங்களுக்கே ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன். 2011 நவம்பரில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அதை நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரமாகவும் போட்டீர்கள். ஏஓஎல், ஈபே, பேஸ்புக், கூகுள், லிங்க்டுஇன், மொசில்லா, டுவிட்டர், யாஹூ, ஜிங்கா. திருட்டைத் தடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை, ஆனால் இந்த வழி வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். அந்த வழி என்ன? வெளிநாட்டுத் தளம் ஒன்றில் திருட்டுச் சரக்கு இருக்கிறது என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கினால் போதும், இணைய இணைப்பு தருபவர்கள் அந்தத் தளத்தின் முகவரியைத் தேடித் தராமல் நிறுத்திவிட வேண்டும், தேடுபொறிகள் அதைக் காட்டக் கூடாது, பணப் பரிமாற்ற நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் கையைக் கழுவிவிட வேண்டும். சோப்பாவின் முதல் வடிவத்தில் இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. உரிமைதாரர் ஒருவர் நீதிமன்றப் படியே ஏறாமல், வெறும் நோட்டீஸ் அனுப்பியே, ஐந்து நாளில் ஒரு தளத்துக்கு வரும் பணத்தையும் விளம்பரத்தையும் நிறுத்தச் சொல்லலாம். தாமாக முன்வந்து ஒரு தளத்தை வெட்டிவிடும் நிறுவனத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது என்றொரு பாதுகாப்பும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். பயந்தவன் முதலில் வெட்டுவான், பிறகுதான் யோசிப்பான். அதற்கு ஏற்பாடு செய்துகொடுத்த சட்டம் அது.

இது கற்பனைப் பயமும் இல்லை. தாஜாஸ்1 என்ற ஹிப்ஹாப் வலைப்பதிவின் முகவரியை 2010 நவம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறையினர் பறித்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து, ஒரு குற்றச்சாட்டும் பதியாமல் திருப்பிக் கொடுத்தார்கள். 2011 பிப்ரவரியில் ஒரே ஒரு முகவரியைக் கைப்பற்றப் போய், அதன் கீழ் இருந்த 84,000 சின்னச் சின்னத் தளங்களின் வாசலில் குழந்தைகள் ஆபாசப்பட எச்சரிக்கையைத் தொங்கவிட்டார்கள். சொந்தமாகக் கடை விரித்திருந்த, குடும்பப் படம் போட்டு வைத்திருந்த சாதாரண ஆட்களின் தளங்கள் அவை. அப்போது சட்டம்கூட வந்திருக்கவில்லை, அதற்குள் இப்படி.

கீழவைக் குழு 2011 நவம்பர் 16 அன்று கூட்டிய விசாரணையில் ஆறு சாட்சிகள், அதில் எதிர்த்துப் பேச வந்தவர் ஒரே ஒருவர், கூகுளின் கேத்தரின் ஒயாமா. மற்றவர்கள் திரைப்படச் சங்கம், மாத்திரைக் கம்பெனி, தொழிற்சங்கம் என்று வரிசையாக ஆதரவு. அப்படிச் சாய்ந்து கிடந்த தராசை இரண்டே மாதத்தில் நிமிர்த்தியது நீங்கள் மட்டும்தான் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கலாம். இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப் உள்ளிட்ட 83 பொறியாளர்கள், இந்த மசோதா முகவரி முறையின் பாதுகாப்பையே உடைக்கும் என்று கையெழுத்துப் போட்டார்கள். இணையச் சுதந்திரத்துக்காகப் போராடிய ஆரன் சுவார்ட்ஸ் மாதிரியான ஆட்கள் உங்கள் பெரிய அலுவலகங்கள் விழித்துக்கொள்வதற்கு ஒரு வருடம் முன்பே ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருந்தார்கள். இணைய முகவரிகளை விற்கும் கோடாடி நிறுவனம் சோப்பாவை ஆதரிக்கிறது என்று தெரிந்ததும் ரெடிட்டில் எழுந்த கூச்சலில் அந்த நிறுவனம் ஒரே நாளில் பல்டி அடித்தது, அதைச் செய்தது எந்த முதலாளியும் இல்லை, தன் முகவரிகளை மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குக் கிளம்பிய வாடிக்கையாளர்கள். ஜனவரி 18 அன்று மட்டும் விக்கிப்பீடியாவின் கறுப்புப் பக்கத்தை 16 கோடி தடவைக்கு மேல் திறந்திருக்கிறார்கள், 80 லட்சம் பேர் தங்கள் தொகுதி உறுப்பினரின் தொலைபேசி எண்ணைத் தேடியிருக்கிறார்கள். மசோதாக்களை வெளிப்படையாக எதிர்த்த உறுப்பினர்கள் முதல் நாள் 31 பேர், அடுத்த நாள் 101. அந்த வேகத்துக்குக் காரணம் தொலைபேசியை எடுத்தவர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்பட வேண்டாம். அன்று எல்லோரும் கதவடைக்கவில்லை. டுவிட்டர் தலைவர் டிக் காஸ்டோலோ, ஒரு நாட்டின் ஒற்றைப் பிரச்சினைக்காக உலகம் முழுக்க நடக்கும் கடையை மூடுவது முட்டாள்தனம் என்றார். பேஸ்புக்கும் திறந்தேதான் இருந்தது, மார்க் சக்கர்பெர்க் ஓர் எதிர்ப்பு அறிக்கையோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒரு நாட்டுப் பிரச்சினை என்ற அந்த வார்த்தைதான் எனக்கு இத்தனை வருடமாக உறுத்துகிறது, ஏனென்றால் அதே வருடம் மே மாதம் எங்கள் ஊரில் நடந்தது உங்கள் யாருக்கும் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

என்ன நடந்தது என்றால், தனுஷ் நடித்த '3' படத்துக்காகவும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கினார்கள். எதிராளி யாரென்று தெரியாததால் முகமில்லாத ஒருவர் மேல் வாங்கும் உத்தரவு அது. அமெரிக்காவில் அந்த ஆளுக்கு ஜான் டோ என்று பெயர், நம் ஊரில் அசோக் குமார். பாவம் அந்த அசோக் குமார், இந்தியாவில் வேறு யார் மேலும் இத்தனை வழக்கு இருக்காது. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்ப, இணைய நிறுவனங்கள் எதற்கு வம்பென்று விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், பைரேட் பே என்று தளம் தளமாக மொத்தமாகப் பூட்டிவிட்டன. விமியோவில் குறும்படம் ஏற்றி வைத்திருந்த பையனும், பேஸ்ட்பின்னில் நிரல் எழுதி வைத்திருந்த பெண்ணும் அன்று அசோக் குமார் ஆகிவிட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

ஜூன் மாதம் சென்னை உட்படப் பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போய் விளக்கம் கேட்டன. ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தடை படம் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கு இல்லை, எந்தப் பக்கம் என்பதை மனுதாரர்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் ஜனவரியில் அமெரிக்காவில் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தானே? ஐந்தே மாதம் கழித்து, உங்கள் சட்ட நிபுணர்கள் யாரும் வந்து நிற்காமலே, சென்னையில் அது கிடைத்தது. ஆனால் அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் போனது, அதுதான் பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் ஆரம்பம்.

2014-இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் 472 தளங்களின் பட்டியல் ஒன்று போனது. அதில் கூகுள் டாக்ஸ் இருந்தது. ஆமாம் கூகுள்காரர்களே, உங்கள் டாக்ஸ்தான். பட்டியலைத் தயாரித்தவர் எந்த அளவுக்குச் சரிபார்த்திருப்பார் என்பதற்கு இதற்கு மேல் ஓர் அத்தாட்சி தேவையில்லை. பிறகு அதைப் பாதிக்கும் கீழே, 219-க்குக் குறைத்தார்கள். பட்டியலில் பெரிய ஆட்கள் மாட்டினாலாவது பேச்சு எழும். சின்ன ஆள் மாட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

2017 ஆகஸ்ட் கதை இன்னும் வயிற்றெரிச்சல். இரண்டு இந்திப் பட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவுகளில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள், அதில் ஒன்று இன்டர்நெட் ஆர்க்கைவ். உலகம் முழுக்க இருக்கிற நூலகங்களின் பழைய புத்தகங்களை இலவசமாக வைத்திருக்கும் இடம். நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் பதிப்புகள், வேறெங்கும் கிடைக்காத இலக்கண உரைகள், பழைய பஞ்சாங்கம் முதல் பாடப்புத்தகம் வரை அங்கே ஏறிக் கிடக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்கள் காலையில் எழுந்து திறந்தால், தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்று ஒரு வரி. எந்த வழக்கு, யார் கேட்டார்கள், யாரிடம் முறையிடுவது, ஒன்றும் கிடையாது. ஆர்க்கைவ் நிர்வாகத்துக்கே யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, விளக்கம் கேட்டு அவர்கள்தான் அலைய வேண்டியிருந்தது.

2018 நவம்பர் இன்னும் ஒரு படி மேலே. 'சர்கார்' படத்துக்கு 3,710 தளங்கள், '2.0' படத்துக்கு 12,564 தளங்கள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் முகவரிகளை ஒரு நீதிபதி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்க முடியாது, அது அவர் குற்றமும் இல்லை. தமிழ்ராக்கர்ஸ் நாளைக்கு இந்தப் பெயரில் வரலாம், நாளை மறுநாள் அந்தப் பெயரில் வரலாம் என்று ஊகித்து எழுதும்போது பட்டியல் இப்படித்தான் வீங்கும். அத்தனையும் தடுத்த பிறகு என்ன ஆயிற்று? இரண்டு படங்களும் வெளியான நாளே இணையத்தில் வந்துவிட்டன. அந்தப் பதினாறாயிரத்தில் எத்தனை தளம் உண்மையிலேயே திருட்டுத் தளம், எத்தனை வழியில் போன ஆள் என்று இன்றுவரை யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று சொல்லவும் மாட்டேன். 2016-இல் 'டிஷ்யூம்' படத்துக்காக இதே மாதிரி மொத்தத் தடை கேட்டுப் போனபோது, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் மறுத்தார். பக்கம் பக்கமாக முகவரி கொடு, ஒவ்வொன்றிலும் திருட்டுப் படம் இருக்கிறதென்று சரிபார்த்து உறுதிமொழி கொடு, அப்புறம் பார்க்கலாம் என்றார். தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறப்பவருக்கு, பாதிக்கப்பட்டிருந்தால் எங்கே போய்க் கேட்பது என்ற விவரம் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். அதாவது செய்ய முடியாத காரியம் இல்லை, செய்யச் சொல்லி எதிர்ப்பக்கம் ஒருவர் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் எப்போதும் அசோக் குமார் மட்டுமே நிற்பதால் யாரும் கேட்பதில்லை. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு திருட்டுத் தளம் பெயர் மாற்றிக்கொண்டு வந்தால் புது வழக்குப் போடாமலே அந்தப் பெயரையும் உத்தரவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு இன்னும் சுருக்கமாக்கிவிட்டது: தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் நியமித்த 12 அதிகாரிகளில் ஒருவரிடம் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் நடவடிக்கை. நீதிமன்றமே தேவையில்லை. சோப்பா இருந்திருந்தால்கூட இதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும்.

இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், தடுப்பது உங்கள் அரசும் உங்கள் நீதிமன்றமும்தானே என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. சோப்பாவில் நீங்கள் எதிர்த்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். தேடுபொறியிலிருந்து தளத்தை எடுக்கும் வேலையா? நெதர்லாந்து, பிரிட்டன் மாதிரி நாடுகளில் இணைய நிறுவனங்களுக்குப் பிறப்பிக்கப்பட்ட தடை உத்தரவைக் கொண்டுவந்து காட்டினாலே கூகுள் அந்தத் தளத்தை அந்த நாட்டுத் தேடலிலிருந்து மொத்தமாக எடுத்துவிடுகிறது, உத்தரவில் கூகுள் பெயரே இல்லாவிட்டாலும். நோட்டீஸ் மட்டும் போதும் என்ற ஏற்பாடா? காப்புரிமைப் புகாரின் பேரில் நீக்கச் சொல்லி கூகுளுக்கு வந்த இணைப்புகள் 2024-இல் ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டன. அதில் எத்தனை போட்டிக்காரனை ஒழிக்க அனுப்பியது, எத்தனை இயந்திரம் தப்பாகக் கண்டுபிடித்தது என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். ஏற்றுவதற்கு முன்பே சோதிக்கும் வடிகட்டியா? சோப்பாவுக்கு நான்கு வருடம் முன்பே, 2007-இல், யூடியூப் அதைத் தானாகவே கட்டிவிட்டது. கர்நாடக சங்கீதக் கீர்த்தனையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடி ஏற்றினால்கூட, அதே கீர்த்தனையை எப்போதோ பதிவு செய்த ஒரு கம்பெனி உரிமை கேட்டு நோட்டீஸ் விடுவதும், தியாகராஜருக்குச் சேராத காசு அந்தக் கம்பெனிக்குப் போவதும் பாட்டுக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். இதைச் சட்டம் செய்தால் தணிக்கை, கம்பெனி செய்தால் கொள்கையா?

அதனால்தான் திரைப்படச் சங்கத் தலைவர் கிறிஸ் டாட் அன்று சொன்னதை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கதவடைப்பு அதிகாரத் துஷ்பிரயோகம், சந்தையில் உங்களுக்கு இருக்கும் இடத்தை வைத்து மக்களைத் தூண்டுகிறீர்கள் என்றார் அவர். அவர் முன்னாள் செனட்டர், பெரிய ஸ்டூடியோக்களின் சம்பளக்காரர், அவர் வாயிலிருந்து இது வந்தது வேடிக்கைதான். அன்று எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பதினைந்து வருடம் நெருங்கும்போது பார்த்தால், உங்கள் லாபத்தில் கை வைத்தபோது எழுந்த குரல், லாபத்துக்குச் சேதமில்லாத இடங்களில் எழவே இல்லையே, அதற்கு என்ன பதில்?

எல்லோரும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. விக்கிமீடியாவை இந்தக் கணக்கில் நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். காப்புரிமை தொடர்பான ஐரோப்பியச் சட்டத்தை எதிர்த்து 2019 மார்ச் 21 அன்று ஜெர்மன் விக்கிப்பீடியாவும் இருண்டது, வாக்கெடுப்பில் தோற்றாலும் நின்றார்கள். அரசு கணக்குகளை முடக்கச் சொன்னதை எதிர்த்து டுவிட்டர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2023 ஜூனில் தோற்று 50 லட்ச ரூபாய் அபராதமும் வாங்கியது. அந்த வழக்கின் மேல் எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தாலும், போனார்கள். பிரான்சில் முகவரித் தேடலிலேயே தளங்களைத் தடுக்கச் சொன்னதும் சிஸ்கோ 2024 ஜூனில் ஓப்பன்டிஎன்எஸ் என்ற தன் முகவரித் தேடல் சேவையையே அந்த நாட்டில் நிறுத்திவிட்டுப் போனது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஆனால் ஜனவரி 18 மாதிரி எல்லோரும் ஒரே நாளில், ஒரே குரலில்? அது ஒரு முறைதான்.

சரி, பாதிப்பு எங்கள் மாதிரி ஊர்களோடு நிற்கும் என்று நினைத்திருந்தால் இத்தாலியைப் பாருங்கள். கால்பந்து ஒளிபரப்பைக் காப்பாற்ற 2024-இல் ஒரு தானியங்கி அமைப்பைக் கொண்டுவந்தார்கள், புகார் ஏறிய 30 நிமிடத்தில் தடுத்தாக வேண்டும். அரை மணி நேரத்தில் எதைச் சரிபார்ப்பது? அக்டோபர் 19 அன்று சனிக்கிழமை சாயங்காலம் கூகுள் டிரைவையே தடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வீட்டுப்பாடத்திலிருந்து கம்பெனிக் கணக்கு வரை எல்லாம் நின்றது. ஸ்பெயினில் 2025 பிப்ரவரியிலிருந்து லீக் ஆட்டம் நடக்கும் நேரங்களில் ஏராளமான தளங்களைத் தாங்கி நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் முகவரிகளை மொத்தமாகப் பூட்டுகிறார்கள், ஒரே முகவரிக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத எத்தனையோ தளங்கள் இருக்கும், ஆட்டம் முடியும் வரை அவையும் காணாமல் போகும். நீங்கள் 2012-இல் எச்சரித்தது அப்படியே எழுத்துக்கு எழுத்து நடக்கிறது.

இப்போது மறுபடியும் உங்கள் சொந்த ஊருக்கே வந்துவிட்டது. 2025 ஜனவரியில் வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களைத் தடுக்கும் புது மசோதாவைக் கொண்டுவந்தவர் யார்? கீழவை உறுப்பினர் ஸோ லாஃப்கிரன். சிலிக்கான் பள்ளத்தாக்குத் தொகுதிக்காரர், 2012-இல் சோப்பாவை எதிர்த்து முதல் வரிசையில் நின்றவர். பெரிய இணைய இணைப்பு நிறுவனங்களையும் பெரிய முகவரித் தேடல் சேவைகளையும் தடுக்கச் சொல்லும் மசோதா அது. தொழில்நுட்பத் துறையோடும் திரைத்துறையோடும் ஒரு வருடத்துக்கு மேல் பேசித்தான் இதை எழுதியதாக அவர் தரப்பில் சொல்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், சோப்பாவின் முதல் வடிவத்தை விட இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருடப் பேச்சில் மேசையின் உங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் யார், என்ன கேட்டீர்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள்? 2012-இல் தொலைபேசி எண்ணைத் தேடிய 80 லட்சம் பேருக்கு இதைச் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லையா?

திருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்புவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்து, வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிவதற்குள் அது கைபேசிகளில் சுற்றுவதைப் பார்க்கும் தயாரிப்பாளரின் வலி நிஜம். பெரிய நடிகர் படம் எப்படியும் தப்பித்துவிடும், இரண்டாவது வாரத்தை நம்பி வரும் சின்னப் படம்தான் செத்துப்போகும். லைட்மேனுக்கும் உதவி இயக்குநருக்கும் பாக்கிச் சம்பளம் அதோடு போகும். தமிழ்நாடு இதற்காக 2004-இலேயே திருட்டு விசிடி விற்பவர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, கள்ளச்சாராயக்காரரோடு சேர்த்து. விசிடி ஒழிந்தது, ஆனால் சட்டத்துக்குப் பயந்து ஒழியவில்லை, அதைவிடச் சுலபமான வழி வந்ததால் ஒழிந்தது. குறைந்த விலையில், நல்ல தரத்தில், தேடினால் கிடைக்கும்படி வைத்தால் முக்கால்வாசிப் பேர் காசு கொடுத்தே பார்ப்பார்கள் என்பது ஓடிடி வந்த பிறகு ஓரளவு தெரிந்தது. ஆளுக்கொரு படத்தைப் பிரித்துக்கொண்டு ஐந்து சந்தா கட்டச் சொன்னதும் பழைய பழக்கம் திரும்பியதும் தெரிந்ததுதான். அதில் உங்களில் சிலருக்கே பங்கு உண்டு, அது வேறு கடிதம்.

இன்னும் ஒன்று. சோப்பா தள்ளிப்போவதற்கு முதல் நாள், ஜனவரி 19 அன்று, எந்தப் புதுச் சட்டமும் இல்லாமல் மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை மூடி, நியூசிலாந்தில் அதன் நிறுவனர் கிம் டாட்காமைப் பிடித்தார்கள். அதாவது இருக்கிற சட்டத்திலேயே பெரிய ஆளைப் பிடிக்க முடியும். அன்று அதில் தங்கள் சொந்தக் கோப்புகளை வைத்திருந்த அப்பாவிகளுக்கு அவை திரும்பக் கிடைக்காமல் போனதும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டியது. ஆளைப் பிடி, தளத்தை எரிக்காதே என்பதுதானே அன்று நாம் எல்லோரும் சொன்னது.

உங்களிடம் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, மறுபடி கதவடைக்கச் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து உங்களுக்கு வரும் ஒவ்வொரு நீதிமன்றத் தடை உத்தரவையும், அதோடு வரும் பட்டியலையும், வழக்கு எண்ணோடு பொதுவில் போடுங்கள். அரையாண்டுக்கு ஒருமுறை மொத்தக் கணக்கு மட்டும் போட்டுவிட்டு வெளிப்படைத்தன்மை என்று பெயர் வைக்காதீர்கள், எனக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் என் பக்கம் இருக்கிறதா என்பது. ரகசியம் காக்கச் சொல்லும் அரசு உத்தரவுகள் வேறு வகை, அதற்கு நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும், புரிகிறது. ஆனால் திறந்த நீதிமன்றத்தில் பிறந்த உத்தரவை மறைத்து வைக்க உங்களுக்கு என்ன கட்டாயம்? அப்புறம், அசோக் குமார் வழக்குகளில் எதிர்ப்பக்கம் யாருமே இல்லை என்றேனே, அந்த இடத்தில் ஒருவர் நிற்கட்டும். சென்னையிலும் டெல்லியிலும் பம்பாயிலும் வருடத்துக்கு நான்கு வழக்கில் ஒரு வழக்கறிஞரை நிறுத்தி, 2012 ஜூன் 22 உத்தரவையும் 'டிஷ்யூம்' உத்தரவையும் நீதிபதி முன் வைத்து, பக்கம் எது என்று காட்டச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்க ஆகும் செலவு உங்களுக்கு ஒரு கூட்டத்தின் காபிச் செலவுதான். யூடியூபில் தவறாகப் புகார் கொடுத்தவருக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பாடியவர் மேல் மூன்று புகார் வந்தால் அவர் கணக்கே போய்விடுகிறது, பொய்ப் புகார் கொடுத்த கம்பெனிக்கு அப்படி ஏதாவது உண்டா?

லாஃப்கிரன் மசோதாவில் உங்கள் நிலை என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். ஆதரிக்கிறீர்கள் என்றால் அதையும் தைரியமாகச் சொல்லுங்கள், 2012-க்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன மாறியது என்று நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

பதில் எழுதுவதாக இருந்தால் பொதுவிலேயே எழுதுங்கள். உங்கள் புகார்ப் பெட்டிக்கு எழுதினால் வருகிற, 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்ற அந்தத் தானியங்கிப் பதில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அன்று உங்கள் பக்கம் நின்ற ஒரு தமிழ் இணையவாசி